கட்டடம் வாங்குமுன் பழுதுக்குப் பணம் ஒதுக்குவோம்

(பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில், பினாங்கில் கட்டடக் குத்தகைத் தொழில் செய்துவரும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கம் வாடகை இடத்திலேயே கூடி, உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலுமே நடந்து வந்திருக்கிறது. பொன்விழா ஆண்டில் நமக்கென்று ஒரு கட்டடம் வாங்க வேண்டும், அதன் வாடகை வருமானத்தில் நம் பிள்ளைகளுக்கு உயர்கல்வி உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று நிதிக்குழு முடிவு செய்திருக்கிறது. நல்ல நிய்யத்து. அல்லாஹ் அதை நிறைவேற்றி வைப்பானாக.

கட்டடம் வாங்கலாமா கூடாதா என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அதைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும். கட்டட வேலை செய்பவன் என்ற முறையில் ஒரே ஒரு கணக்கைப் பற்றிப் பேசும்படி தலைவர் கேட்டார். விலை எவ்வளவு, வங்கி எவ்வளவு தரும், வாடகை எவ்வளவு வரும் என்ற மூன்று கணக்கையும் எல்லோரும் போடுவார்கள். நான்காவதாக ஒரு கணக்கு உண்டு. வாங்கிய பிறகு அந்தக் கட்டடம் நம்மிடம் எவ்வளவு கேட்கும் என்பது அந்தக் கணக்கு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் ஊர் நமக்குச் சொன்ன பாடம்

ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவர்களுக்குப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நினைவிருக்கும். 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் உரிமையாளர் தம் இஷ்டத்துக்கு வாடகையை உயர்த்த முடியாது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1997இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2000 ஜனவரி முதல் நாளோடு கட்டுப்பாடு அகன்றது. அதுவரை எத்தனையோ குடும்பங்கள் மிகக் குறைந்த வாடகையில் நகரத்தின் நடுவே வாழ்ந்தன, கடை நடத்தின. ஏழைகளுக்கு அது பெரிய நிழல். அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த வாடகையில் கூரை ஓடு மாற்றப் பணம் கிடையாது. உரிமையாளர் செய்யவில்லை. குடியிருப்பவரும் அது தம் சொத்தில்லை என்று விட்டுவிட்டார். ஓடு ஒன்று விலகியது, மழை இறங்கியது, உத்தரம் ஊறியது, கரையான் வந்தது. கட்டுப்பாடு நீங்கிய அன்று பல கட்டடங்களைத் தொட்டாலே உதிரும் நிலை. 2008இல் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு அந்தக் கடைவீடுகளைச் செப்பனிடச் செலவழித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துக் காசில் முடிந்திருக்க வேண்டியது பத்து வெள்ளியில் முடிந்தது என்பார்கள்.

வாடகைக் கணக்கில் பழுதுச் செலவு இல்லையென்றால், அந்தச் செலவைக் கட்டடம் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இதுதான் பாடம். சட்டம் குறைந்த வாடகையை வைத்தாலும் சரி, நாமே வாடகையை முழுவதும் உதவித்தொகைக்கு எடுத்துக் கொடுத்தாலும் சரி, கட்டடத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1801இல் காதிர் முகைதீன் அவர்கள் காலத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்ததிலிருந்து, இந்த ஊரில் தமிழ் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற வக்பு சொத்துகள் பல. வக்பு வருமானத்தின் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே, மீதிதான் பயனாளிகளுக்கு என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் வகுத்து வைத்தார்கள். வக்பு செய்தவர் அப்படி எழுதி வைக்காவிட்டாலும் அதுவே முறை. அந்த முறை தவறிய இடங்கள் இருந்ததால்தான், சரிவர நடக்காத அறக்கட்டளைச் சொத்துகளை எடுத்து நடத்த 1905இல் பிரிட்டிஷ் அரசு தனிச் சட்டம் போட்டு ஒரு வாரியம் அமைக்க வேண்டி வந்தது. நாம் வாங்கப் போவது சங்கச் சொத்து. அதை வக்பாக எழுதி வைத்தால் மாநில இஸ்லாமிய சமய மன்றமே அதன் பொறுப்பாளராகும். அந்த முடிவு வேறு. ஆனால் முதல் செலவு பராமரிப்புக்கு என்ற விதியை நாம் இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

எந்தச் சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தும்?

நாம் பார்ப்பது நான்கு மாடிக் கட்டடம். கீழே கடை, மேலே வீடுகள், மின்தூக்கி கிடையாது. இந்த நாட்டில் எல்லாத் தாமானிலும் இருக்கும் வகை. இதற்குச் சட்டப் பாதுகாப்பு என்ன?

பல உரிமையாளர்கள் இருக்கும் அடுக்குமாடிகளுக்கு 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் உண்டு. அதன்படி ஒவ்வொரு வீட்டுக்காரரும் பராமரிப்புக் கட்டணத்தோடு, அதில் பத்து விழுக்காட்டைப் பெரும்பழுது நிதிக்கென்று தனியாகக் கட்ட வேண்டும். அந்தப் பத்து விழுக்காடு போதுமா என்பது வேறு கேள்வி. நிதி என்று ஒன்றாவது இருக்கும். ஆனால் ஒரே பட்டாவில், ஒரே உரிமையாளர் கையில் இருக்கும் சின்னக் கட்டடத்துக்கு அப்படி நிதி சேர்க்கச் சொல்வார் யாருமில்லை. விற்கிறவர் சாவிக் கொத்தைத் தருவார், சேமித்த பணத்தைத் தரமாட்டார்.

அதேபோல் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில், ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நான்கு மாடி அந்த எல்லைக்குள் வராது. ஆக, நிதி சேர்ப்பதும் சோதிப்பதும் நம் பொறுப்பு மட்டுமே.

இன்னும் இரண்டு தவறான எண்ணங்களையும் சொல்லிவிடுகிறேன். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டார், அதனால் கட்டடம் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். மதிப்பீட்டாளர் சந்தையில் என்ன விலை போகும் என்று பார்க்க வருகிறவர். குழாய்க்குள் துருவைப் பார்க்க வருகிறவர் அல்லர். தீக்காப்புறுதி, தக்காஃபுல் இருக்கிறதே என்பார்கள். தீக்கும் விபத்துக்கும் அது தரும். முப்பது ஆண்டு பழகித் தேய்ந்ததற்குத் தராது.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெயில் நாளில், காலை பத்து மணிக்கு, முகவர் கதவு திறந்துவிடப் போய்ப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, பெருமழை பெய்த மறுநாள் போங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதற்குப் பஞ்சமில்லை. முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, நீர்க்காப்பு விரிப்பு எங்கே உப்பியிருக்கிறது, மழைநீர்க் குழாயின் வாயில் செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் வெயிலில் அந்த விரிப்பு பத்துப் பன்னிரண்டு ஆண்டு தாங்கினால் அதிகம்.

பிறகு மேல்மாடி வீட்டுக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழைய கட்டடத்தில் ஒரு அறைக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால் அங்கே நின்று யோசியுங்கள். சாயம் மலிவானது, இரண்டு மழைக்காலம் வரை கறையை மறைக்கும்.

மூன்றாவது, காங்கிரீட். மாடிப்படியின் அடிப்பக்கம், கழிப்பறைக்கு நேர் கீழே உள்ள கூரை, வெளிப்பக்கத்துச் சன்ஷேடு ஆகியவற்றில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே விட்டுப் போயிருந்தால் பானையைத் தட்டியது போல ஒரு சத்தம். ஈரம் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி, முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாமல் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்தத் துண்டு ஐந்தடியில் நடந்து போகிறவர் தலையில் விழலாம். அப்போது அது வெறும் பழுதுக் கணக்காக இருக்காது.

நான்காவது, தண்ணீர். மேல்மாடியில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். ஒழுகல் நூலாகி, முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் உள்ளே இரும்புக் குழாய் துருவால் அடைத்திருக்கிறது. பின்சந்துக்குப் போய்ச் சுவரோடு இறங்கும் கழிவுக் குழாய்களைப் பாருங்கள். எத்தனை இடத்தில் துணி சுற்றியிருக்கிறது, எத்தனை இடத்தில் சிமெண்டு அப்பியிருக்கிறது என்று எண்ணுங்கள். சாக்கடை மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, மின்சாரம். ஒயரிங் முப்பது ஆண்டைத் தொட்டால் மாற்றத் தயாராகிவிட வேண்டும். இதை நாம் சோதிக்கக்கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கூட்டிப் போங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் கருவி ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று அவர் அழுத்திப் பார்க்கட்டும். அந்த நாளில் ஒரு விளக்கு, ஒரு காற்றாடிக்குப் போட்ட கம்பியில் இன்று குளிர்சாதனமும் வெந்நீர்க் கருவியும் ஓடுகின்றன.

கடைசியாக விரிசல். பூச்சில் மயிரிழை போல ஓடும் விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும், பயம் வேண்டாம். ஆனால் ஒரே மூலையில், கீழ்மாடியிலிருந்து மேல்மாடி வரை சாய்வாக, படிக்கட்டு வடிவில் ஏறும் விரிசல் கண்டால், தரை இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அங்கே என்னைப் போன்ற குத்தகையாளர் சொல் போதாது, பதிவுபெற்ற பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். மற்றப் பழுதுகளுக்குத் தொகை போடலாம். அஸ்திவாரத்துக்கு முன்கூட்டித் தொகை போட முடியாது. அப்படிப்பட்ட கட்டடம் எவ்வளவு மலிவாக வந்தாலும் சங்கத்துக்கு ஆகாது.

குடியிருப்பவர்களிடம் பேசுவதை மறக்காதீர்கள். விற்பவர் சொல்லாததை மூன்றாம் மாடி அம்மா ஒரு கோப்பைத் தேநீருக்குள் சொல்லிவிடுவார். நீர்க்காப்பு எப்போது போட்டது, தொட்டி எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பழுதை நடக்காத பழுதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு

நிதிக்குழு பார்த்து வந்திருக்கும் கட்டடத்தின் எண்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பேரம் நடக்கும்போது மேடையில் தொகை சொன்னால் அது இன்று மாலையே விற்பவர் காதுக்குப் போய்விடும். அதனால் ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காகப் போட்டவை. உண்மைக் கட்டடம் வரும்போது உண்மை விலைப்பட்டியலை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

27 வயதான கட்டடம். கீழே இரண்டு கடை, மேலே ஆறு வீடு. விலை 12 லட்சம் வெள்ளி. கடைக்கு 1,800, வீட்டுக்கு 700 என்று மாத வாடகை 7,800. ஆண்டுக்கு 93,600. காலியாகக் கிடக்கும் நாளுக்கு ஒரு மாத வாடகையைக் கழித்தால் 85,800. நிலவரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, படிக்கட்டு விளக்கு, துப்புரவு, சில்லறை வேலை எல்லாவற்றுக்கும் 15,800. கையில் நிற்பது 70,000. சங்கத்திடம் உள்ள 4 லட்சத்தையும் முன்பணமாகக் கட்டி, 8 லட்சம் வங்கி நிதி பெற்று, மாதம் 5,000 என்று ஆண்டுக்கு 60,000 கட்டுகிறோம். மீதி 10,000 வெள்ளி. பத்து மாணவர்களுக்கு ஆளுக்கு ஆயிரம். கேட்க நன்றாக இருக்கிறது, கைதட்டலாம் போலிருக்கிறது.

இப்போது ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். எந்தப் பகுதி, மாற்ற எவ்வளவு, மொத்தம் எத்தனை ஆண்டு உழைக்கும், இன்னும் எத்தனை ஆண்டு மீதி என்று நான்கு.

மொட்டை மாடி நீர்க்காப்பு: 40,000 வெள்ளி, 12 ஆண்டு உழைக்கும், மீதி 2 ஆண்டு.
ஒயரிங்: 48,000, 30 ஆண்டு, மீதி 3.
தண்ணீர்க் குழாயும் தொட்டியும்: 36,000, 30 ஆண்டு, மீதி 3.
காங்கிரீட் செப்பனிடல், கழிப்பறைக் கசிவு உட்பட: 30,000, 15 ஆண்டுக்கு ஒருமுறை, மீதி இல்லை, உடனே செய்ய வேண்டும்.
வெளிச்சாயம்: 25,000, 7 ஆண்டு, மீதி 5.
கழிவுக் குழாய்கள்: 24,000, 40 ஆண்டு, மீதி 13.

இந்தத் தாள் மூன்று செய்தி சொல்கிறது.

முதலாவது, நிரந்தரச் செலவு. ஒவ்வொரு தொகையையும் அதன் முழு ஆயுளால் வகுத்துக் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 12,300 வெள்ளி. மொத்த வாடகையில் நூற்றுக்குப் பதின்மூன்று. இந்தக் கட்டடம் நம்மிடம் இருக்கும் வரை, வேலை நடக்கிற ஆண்டும் நடக்காத ஆண்டும், இது கட்டடத்தின் பங்கு. நாம் மாணவர்களுக்கென்று வைத்த 10,000 வெள்ளி இந்த ஒரு வரியிலேயே கரைந்து போய்விட்டது.

இரண்டாவது, முன்னவர் தின்ற பங்கு. நீர்க்காப்பின் 12 ஆண்டில் 10 ஆண்டை இப்போதைய உரிமையாளர் அனுபவித்துவிட்டார். 40,000த்தில் 33,000 சொச்சம் அவருடையது. இப்படியே ஒவ்வொன்றுக்கும் பார்த்தால், மொத்தம் சுமார் 162,000 வெள்ளிப் பெறுமானத்தை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். அதற்கான வாடகையையும் வாங்கிவிட்டார். அந்தச் சீட்டை நம் கையில் கொடுக்கிறார். விலை பேசும்போது, "கொஞ்சம் குறையுங்கள் ஹாஜி" என்று கெஞ்சுவதைவிட இந்தத் தாளை மேசையில் வைப்பது மேல். முழுவதும் குறைப்பார் என்று சொல்லவில்லை. ஆனால் காரணத்தோடு கேட்கிறவருக்குக் கிடைப்பது வேறு.

மூன்றாவது, வரும் ஐந்து ஆண்டில் கைப்பணம். உடனே 30,000, இரண்டாம் ஆண்டு 40,000, மூன்றாம் ஆண்டு 84,000, ஐந்தாம் ஆண்டு 25,000. ஆக 179,000. பழைய கட்டடத்தைத் திறந்தால் உள்ளே வேறொன்று காத்திருக்கும், அதற்கு 20 விழுக்காடு சேர்த்தால் சுமார் 215,000. ஆண்டுக்கு 10,000 என்று ஐந்து ஆண்டும் ஒரு காசு உதவித்தொகை கொடுக்காமல் சேர்த்தாலும் 50,000. இன்னும் 165,000 வேண்டும். அது எங்கிருந்து வரும்? 4 லட்சத்தையும்தான் முன்பணமாகக் கொடுத்துவிட்டோமே.

அதோடு 12 லட்சத்துக்கு முத்திரை வரி மட்டும் 32,000 வெள்ளி. முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு 2, அடுத்த ஐந்து லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 4. வழக்கறிஞர் கட்டணம் தனி. எல்லாம் சேர்த்தால் 12 லட்சக் கட்டடத்தின் உண்மை விலை 14 லட்சத்தை எட்டுகிறது.

அப்படியானால் கட்டடமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இதில் பாதி அளவுக் கட்டடத்தைப் பாருங்கள். கீழே ஒரு கடை, மேலே மூன்று வீடு, விலை 6 லட்சம். நம் 4 லட்சத்தில் முதலில் பழுது நிதிக்கு 85,000 எடுத்துத் தனிக் கணக்கில் போடுகிறோம். முத்திரை வரி, வழக்கறிஞர், சோதனைச் செலவுக்கு 30,000. மீதி 285,000 முன்பணம். வங்கியிடம் 315,000 மட்டும், அதே விகிதத்தில் ஆண்டுக்குச் சுமார் 23,600 கட்ட வேண்டும். வாடகையில் கையில் நிற்பது 35,000. வங்கி போக 11,400. நிரந்தரப் பழுதுக்கு 6,200 எடுத்து வைத்தால் மீதி 5,200.

ஐந்து மாணவர்கள். பெரிய கட்டடத்தில் பத்து மாணவர்கள் காகிதத்தில் இருக்கிறார்கள், ஒருவருக்கும் பணம் போய்ச் சேராது. சின்னக் கட்டடத்தில் ஐந்து பேர்தான், ஆனால் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு ஆண்டும் போய்ச் சேரும். வங்கிக் கடன் முடியும் நாளில் அந்த எண்ணிக்கை உயரும். படிப்பின் நடுவில் ஒரு பிள்ளையிடம், "இந்த ஆண்டு கூரை ஒழுகிவிட்டது, உனக்குப் பணமில்லை" என்று சொல்லும் நிலைமை சங்கத்துக்கு வரக்கூடாது.

வேலையைச் சேர்த்துச் செய்தால்

சில வேலைகளைச் சேர்த்துச் செய்தால் செலவு குறையும். வெளியே சாரம் கட்டுவதே ஒரு பெரிய தொகை. சாரம் நிற்கும்போதே காங்கிரீட் செப்பனிடலையும் சாயத்தையும் முடித்துவிட்டால், சாயத்துக்காக மறுபடி சாரம் கட்ட வேண்டாம். ஒயரிங்கும் குழாயும் ஒரே நேரத்தில் செய்தால் சுவரை ஒருமுறை உடைத்து ஒருமுறை பூசினால் போதும், குடியிருப்பவருக்கும் தொல்லை ஒருமுறைதான். மொட்டை மாடி வேலையை மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். நோன்பு மாதத்திலும் பெருநாள் வாரத்திலும் யார் வீட்டிலும் தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

மூன்று குத்தகையாளரிடமாவது விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே வேலைப்பட்டியலைக் கொடுங்கள், இல்லையென்றால் ஒப்பிட முடியாது. கட்டுமானத் தொழில் வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் முழுப் பணமும் கொடுக்காமல் ஐந்து விழுக்காட்டைப் பிடித்து வைத்து, குறைபாட்டுக் காலம் முடிந்து கொடுப்பது வழக்கம். என்னைப் போன்றவர்களுக்கு அது பிடிக்காதுதான், இருந்தாலும் பிடித்து வையுங்கள். நம் சங்கத்து ஆள் என்பதற்காகப் பட்டியல் இல்லாமல் யாருக்கும் வேலை கொடுக்காதீர்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தக் கட்டடத்தின் பழுது வேலைக்கு நான் விலை போடப் போவதில்லை என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லி வைக்கிறேன்.

பாரம்பரிய எல்லைக்குள் பழைய கடைவீடு ஒன்று வந்தால் கணக்கே மாறும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். சுண்ணாம்பு தெரிந்த ஆள் வேண்டும், மாநகர் மன்ற அனுமதி வேண்டும், காலமும் கூடுதலாக வேண்டும். அழகுக்காக அதை வாங்க ஆசைப்படுகிறவர்கள், மேலே சொன்ன தாளில் எல்லாத் தொகையையும் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கிய கையோடு செய்யும் பழுதுக்கும், வாடகைக்கு விட்ட பிறகு செய்யும் பழுதுக்கும் வருமான வரியில் வேறுபாடு உண்டு. வேலையைத் தொடங்கும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பொதுக்கூட்டத்துக்கு என் வேண்டுகோள்

கட்டடம் எதுவாக இருந்தாலும் நான்கு தீர்மானங்களை முதலில் நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, பொறியாளரும் மின்பணியாளரும் எழுத்தில் அறிக்கை தரும் முன் எந்தக் கட்டடத்துக்கும் முன்பணம் கொடுப்பதில்லை. அறிக்கைக்குச் சில ஆயிரம் செலவாகும். கட்டடத்தை வாங்காமல் விட்டாலும் அந்தப் பணம் வீணாகாது, எதை வாங்கக்கூடாது என்று தெரிந்துகொண்ட கூலி அது.

இரண்டு, ஐந்தாண்டுப் பழுதுத் தொகையில் வாடகையிலிருந்து வராத பகுதியை வாங்கும் நாளிலேயே தனிக் கணக்கில் வைப்பது. அதற்கு நிதி போதாவிட்டால் விலையைக் குறைப்பது, அல்லது சின்னக் கட்டடம் பார்ப்பது, அல்லது காத்திருப்பது.

மூன்று, மாத வாடகை வந்ததும் முதலில் பழுது நிதி, பிறகு உதவித்தொகை. இந்த வரிசையைச் சங்க விதியில் எழுதி வைப்பது. மண்டப விருந்துக்கும் பொன்விழா மலருக்கும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கக்கூடாது. அடுத்த தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

நான்கு, அந்த நான்கு கட்டத் தாளை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வரவு செலவோடு சேர்த்துப் படிப்பது. மீதி ஆண்டுகள் குறைந்துகொண்டே வருவதை உறுப்பினர்கள் காதால் கேட்க வேண்டும். பொறுப்பாளர்கள் மாறுவார்கள், கட்டடத்தின் வயது மாறாமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

நபி யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏழு செழிப்பான ஆண்டுகளில் கதிரிலேயே தானியத்தை விட்டு வைத்து, பின்வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளில் ஒரு நாட்டையே காத்தார்கள். செழிப்பு நடக்கும்போது சேமிக்கச் சொல்வது எளிதல்ல, சேர்ந்ததைத் தொடாமல் வைத்திருப்பது இன்னும் கடினம். கட்டடம் புதுச் சாயத்தோடு நிற்கும் ஆண்டுகள்தான் நமக்குச் செழிப்பான ஆண்டுகள்.

இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் நாசி கண்டார் கடையிலும் நாணய மாற்றுக் கடையிலும் துறைமுகத்திலும் உழைத்து, மாதம் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி என்று கொடுத்தவர்கள். அந்த 4 லட்சத்தில் அவர்களின் வியர்வை இருக்கிறது. நூறாவது ஆண்டு விழாவை நம் பேரப்பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் கொண்டாட வேண்டும். அன்று கூரை ஒழுகக்கூடாது. அதற்கான முதல் தொகையைக் கட்டடம் வாங்கும் அன்றே ஒதுக்கி வைப்போம்.